எட்டெழுத்து, இரண்டு கம்பு, ஒரு வால்

சீட்டில் இரண்டு மருந்து எழுதியிருந்தது. முதலாவது காய்ச்சல் சிரப். அதைத் தியாகேசன் சீட்டைக் கையில் வாங்கும்போதே படித்தாயிற்று. இரண்டாவதுதான் மசியவில்லை. எட்டெழுத்து. அது மட்டும் உறுதி. மூன்று முறை எண்ணிவிட்டார், முதல் முறை ஏழு வந்தது, அடுத்த இரண்டு முறையும் எட்டு வந்தது, ஆகவே எட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். முதல் எழுத்து கொக்கி மாதிரி வளைந்திருந்தது, சி-யாக இருக்கலாம். அதை ஒட்டினாற்போல் ஒரு கம்பு. கம்பு என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். எல், டி, எச், கே என்று தலையை நீட்டுகிற ஆங்கில எழுத்தெல்லாம் அவருக்குக் கம்பு, ஜி, ஒய் என்று கோட்டுக்குக் கீழே இறங்குவதெல்லாம் வால். நடுவில் இன்னொரு கம்பு நின்றது, அதற்கு ஓர் எழுத்து தள்ளி ஒரு வால் தொங்கியது, கடைசியில் ஈர மணலில் நண்டு ஓடின தடம். மற்ற இடத்திலெல்லாம் பேனா கடமைக்கு நகர்ந்திருந்தது. டாக்டர் சௌரிராஜனின் கையெழுத்து. மன்னார்குடியில் அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான் என்றும், அது டாக்டர் சௌரிராஜன் இல்லை என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஒரு ஆள் இப்போது சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஐப்பசித் தூறல், வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மணி பதினொன்றேகால். மருந்துக்கடைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துப் பிழிந்துவிட்டு மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, அவசரம் இருந்தும் காட்டிக்கொள்ளாத முகத்தோடு நின்றிருந்தார். பின்னால் ரேக்குகளுக்கு நடுவே, கடையில் வேலை பார்க்கிற பரிமளா புதிதாக வந்த பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டியின் பசை நாற்றமும் டிஞ்சர் வாசனையும் சேர்ந்து வந்தன. எட்டெழுத்து. சி என்று வைத்துக்கொண்டால் அடுத்தது கம்பு. சி-க்கு அப்புறம் கம்பு வந்தால் அது எல்லாக இருக்கலாம், எச்சாக இருக்கலாம். கம்பின் உச்சியில் கண்ணி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். கண்ணியும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

ஐந்தெழுத்தாக இருந்தால் பாதகமில்லை, ஐந்தெழுத்துக்கு விடை பார்க்க இடம் இருக்கிறது என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது, அதற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது. அது யாழினி பழக்கிவிட்ட வம்பு. ஓசூரில் வங்கியில் வேலை பார்க்கிற மகள் ஆவணி மாசத்தில் ஒருநாள் போன் பண்ணி, அப்பா உங்க போனுக்கு ஒரு விளையாட்டு அனுப்பியிருக்கேன், தினம் ஒரு ஆங்கிலச் சொல், ஐந்தெழுத்து, ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கணும், மூளைக்கு நல்லது என்றாள். மூளைக்கு நல்லது என்று அவள் சொன்ன விதத்தில் அவளுடைய அம்மா மங்கையர்க்கரசியின் குரல் இருந்தது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன. தஞ்சாவூர் போய்த் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மங்கை கேட்டபோது மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சுற்றி வளைத்து இது வந்தது. சரியான எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சையாகும், இடம் மாறி விழுந்தால் மஞ்சள், இல்லாத எழுத்தென்றால் சாம்பல். முதல் வாரம் மூன்றாவது வாய்ப்பில், நான்காவது வாய்ப்பில் பிடித்துவிட்டார். முப்பத்திநாலு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தில் அவர் விளையாடிய விளையாட்டுதானே இது, சும்மா விளையாடியதற்கு இப்போது கட்டம் கட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மகளிடம் பெருமை அடித்தார். புரட்டாசியில் ஒருநாள் ஆறு வாய்ப்பும் போய்விட்டது. எல்லாருக்கும் ஒருநாள் போகும் என்றாள் யாழினி. எல்லாருக்கும் போகும், அவருக்குப் போகலாமா? மறுநாள் நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றும் தவிர மற்ற கட்டமெல்லாம் சாம்பலானதும் போனிலேயே தேடினார், வந்து கொட்டியது ஒரு பட்டியல்: நடுவில் ஏ, கடைசியில் ஈ வருகிற ஐந்தெழுத்துச் சொற்கள், பொருளோடு. கிரேன், பிளேட், குவேக், நேவ். நேவ் என்றால் போக்கிரி என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. இந்த உலகத்தில் யாரோ உட்கார்ந்து இதையெல்லாம் பொறுக்கி அடுக்கி, அர்த்தமும் எழுதி வைத்திருக்கிறார்கள், அவரை மாதிரி ஆட்களுக்காகத்தான் என்று நினைத்தபோது நன்றியாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அன்றிலிருந்து தினமும் பட்டியல்தான். அதிலும் ஒரு சாமர்த்தியம்: மூன்றாவது வாய்ப்பில் முடித்தால் சந்தேகம் வரும், நாலில் முடிக்க வேண்டும், வாரத்தில் ஒருநாள் வேண்டுமென்றே ஐந்து. இன்று காலை வந்த சொல் அபேட். தணிதல். காய்ச்சல் அபேட் ஆகிறது என்று பழைய டாக்டர்கள் எழுதுவார்கள், அவர் எத்தனையோ தரம் படித்த சொல், ஆனால் பட்டியலைப் பார்க்கும்வரை அது வரவில்லை. பச்சைக் கட்டங்களை மகளுக்கு அனுப்பினார், அவள் கைதட்டுகிற படம் அனுப்பினாள். பெற்ற பெண்ணை ஏமாற்றுவதற்கு இவ்வளவு யோசிக்கிற மூளை எங்கே கெட்டுப்போயிற்று என்றும் சில சமயம் தோன்றும். அந்த யோசனை வந்த நாட்களில் மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

சார் என்று கவுண்டருக்கு வெளியிலிருந்து குரல் வந்தது, இல்லை, வந்ததுபோல் இருந்தது. அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் தம்பி என்றார் தியாகேசன், கேட்காத கேள்விக்கு. கொக்கி, கம்பு, பிறகு ஒரு வட்டம், பிறகு கம்பு. காய்ச்சல் சிரப்போடு வருகிறது என்றால் இரண்டாவது கிருமிக்கான மருந்தாகத்தான் இருக்க வேண்டும், கிருமி மருந்துகளில் சி-யில் தொடங்குகிற எட்டெழுத்து ஒன்று இருக்கிறது, அது இதில் உட்காருமா என்று வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி இல்லை, கம்பு வேண்டாத இடத்தில் கம்பு நின்றது. டாக்டர் புள்ளி வைக்க மறந்திருந்தால்? டாக்டர் எதைத்தான் மறக்கவில்லை. ஆனால் மறதி டாக்டர் பக்கமா, தன் பக்கமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். ஒரு சீட்டு படிக்க முடியாததாக இருக்கலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை, இந்த உலகத்தில் யாராலும் படிக்க முடியாத சீட்டுகள் இருக்கின்றன. அல்லது சீட்டு நன்றாகவே இருந்து, அவருக்கு மட்டும் படிக்க முடியாமல் போயிருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணால் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. பரிமளாவைக் கூப்பிட்டு இது என்னவென்று பார் என்று சொல்லலாம். சொன்னால் அவள் பார்ப்பாள், படித்தும் விடலாம், படித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது. அவளும் டிப்ளமா முடித்தவள்தான், பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறாள், நாற்பத்திரண்டு வயது, ஒருநாளும் அவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. ஆடி மாசத்துக்கு அப்புறம் மட்டும் ஒரு புதுப் பழக்கம்: அவர் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அட்டையையும் பையில் போடுவதற்கு முன்னால் திருப்பி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பெயரை வாய்விட்டுப் படிப்பாள். பில் போட வசதியாக இருக்கு சார் என்று முதல் நாளே ஒரு காரணம் சொல்லிவிட்டாள். அவரும் தலையாட்டினார். இரண்டு பேருக்குமே காரணம் தெரியும்.

ஆடி மாசம் ஜெயசீலி டீச்சர் வந்தார். ரிட்டயரான கணக்கு டீச்சர், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை, மாசாமாசம் வாங்குவது. தஞ்சாவூரில் புதிதாக ஒரு டாக்டரைப் பார்த்து கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டோடு வந்திருந்தார், பளிச்சென்ற எழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் படிக்கும். தியாகேசன் படித்தார். சரியாகப் படித்தார், அதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அந்த மாத்திரையின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, பேர் பழசுதான் டீச்சர், டாக்டர்தான் புதுசு என்று சிரித்துக்கூடப் பேசினார். எடுத்துக் கொடுத்தது சர்க்கரை மாத்திரை. இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் நாள் காய்கறிக் கடையில் கண் இருண்டு விழுந்தார் டீச்சர், யாரோ ஒரு பூக்காரம்மா சர்க்கரை அள்ளிப்போட்ட டீயை வாயில் ஊற்றி உட்கார வைத்தாளாம். நாலு நாள் கழித்து அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். மாத்திரை மாறியிருக்கு சார், நான்தான் கண்ணாடி போட்டுப் பார்க்காம முழுங்கிட்டேன் என்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு அட்டையைக் கவுண்டரில் வைத்தார். பரிமளா பக்கத்தில்தான் நின்றாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் தியாகேசனின் பார்மசிஸ்ட் சான்றிதழ், முப்பத்திநாலு வருஷத்துக்கு முந்தைய மீசையோடு அவருடைய போட்டோ. அன்று ராத்திரி மங்கையிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எப்படிங்க மாறிச்சு? அதுதானே அவருக்கும் தெரியவில்லை. எழுத்து புரியாமல் மாறியது என்றால் சமாதானம் உண்டு. அவசரத்தில் மாறியது என்றால் உண்டு. அன்றைக்குக் கடையில் வேறு ஆளே இல்லை. கடைசியில் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார், சொல்தான் எங்கேயோ நழுவியிருக்க வேண்டும், படித்ததாக நினைத்துக்கொண்டு படிக்காமல் விட்டிருக்க வேண்டும், சொற்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று. அதனால்தான் மகள் விளையாட்டைக் கொடுத்தபோது சின்னப் பிள்ளைபோல் பற்றிக்கொண்டார். சொல் வருகிறவரை தான் தானாக இருக்கிறோம், சொல் வராமல் போகிற அன்றைக்குக் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று ஒரு கோடு போட்டு வைத்தார். கோட்டை ஒருநாள் தாண்டியாயிற்று, அப்புறம் பட்டியல் வந்து காப்பாற்றியது.

பட்டியல் இல்லாத இடத்தில் வேறொரு வித்தை வைத்திருந்தார். ஸ்டாக் இல்லை. மூன்று வாரமாக, படிக்க முடியாத சீட்டு வந்தால், ஸ்டாக் இல்லைங்க, அடுத்த கடையில பாருங்க. அருமையான வார்த்தை. மருந்துக்கடையில் அந்தப் பதிலுக்கு யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. ஏழு பேரையோ எட்டுப் பேரையோ அப்படி அனுப்பிவிட்டார். ஒருமுறை அந்த மருந்து பரிமளாவின் கையிலேயே இருந்தது என்று பிறகு தெரிந்தது, அவள் அதைச் சத்தம் போடாமல் ரேக்கில் வைத்துவிட்டுப் போனாள். அந்த முதுகைப் பார்த்தபோது அவருக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. இப்போதும் அதே வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. இரண்டு மருந்தில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்று ஸ்டாக் இல்லை தம்பி, பந்தலடிக் கடையில கேட்டுப் பாருங்க என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, இந்த எட்டெழுத்து இன்னொருவன் தலைவலி. சீட்டை மடித்தார். நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த மனிதரே பேசிவிட்டார்.

"பந்தலடியில ரெண்டு கடையிலயும் கேட்டுட்டுத்தான் சார் வரேன். இந்தக் கையெழுத்த தியாகேசன் சார்தான் படிப்பாரு, அங்க போயிடுங்கன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க."

மடித்த சீட்டை மறுபடி பிரித்தார். ரெண்டு பேரும். பந்தலடிக் கடைக்காரர்கள் இரண்டு பேருமே அவரைவிட இருபது வயது இளையவர்கள், கம்ப்யூட்டர் பில், கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் வைத்திருக்கிறார்கள், அவர்களாலும் முடியவில்லை என்றால் தப்பு சீட்டின்மேல்தான் என்று ஒரு கணம் நெஞ்சில் பால் வார்த்தது. அடுத்த கணமே அது திரிந்தது. அவர்களால் முடியாததைத் தன்னால் முடியும் என்றுதானே அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக இப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்? அந்த ஏழெட்டுப் பேரும் இப்படி அனுப்பப்பட்டு வந்தவர்களாக இருந்தால், ஸ்டாக் இல்லை என்று அவர் விரட்டிவிட்டபின் எங்கே போயிருப்பார்கள்? திரும்பிப் போய், தியாகேசன் கடையிலும் இல்லையாம் என்று சொல்லி, பிறகு வாங்காமலே பஸ் ஏறியிருப்பார்களா? இதை இதுவரை அவர் யோசிக்கவே இல்லை. தன் தலை, தன் மானம், தன் கட்டங்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் கடைவாசல் தகரத்திலிருந்து ஒரே இடத்தில் சொட்டியது. எட்டெழுத்து. இரண்டு கம்பு. ஒரு வால். பட்டியல் ஞாபகம் வந்தது, நடுவில் ஏ, கடைசியில் ஈ, பொருளோடு. அகேப், வாயைப் பிளந்தபடி. இந்த நேரத்துக்கு இது எதற்கு வருகிறது? பொருளோடு. பக்கத்திலேயே பொருள். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய நினைவு இடறி நின்றது. அவர் சீட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டது எழுத்திலிருந்து இல்லை. கடை ஆரம்பித்த புதிதில், ஒன்றும் புரியாமல் விழித்தபோது, சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஆளிடம் பேச்சுக் கொடுப்பார்: யாருக்கு, என்ன பண்ணுது, எத்தனை நாளா, டாக்டர் எங்கே அமுக்கிப் பார்த்தார். பொருள் முதலில் வந்துவிடும். வந்த பிறகு சீட்டைப் பார்த்தால் கம்பும் வாலும் தானாக வந்து நிற்கும். ஊரே மெச்சிய வித்தை அவ்வளவுதான், வித்தையே இல்லை, நாலு வார்த்தை விசாரிப்பு. ஆடிக்கு அப்புறம் அவர் யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. சீட்டை வாங்கினால் தலையைக் குனிந்துகொள்கிறார், முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். கட்ட விளையாட்டும் அதே பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறது: அர்த்தம் வேண்டாம், எழுத்து விழுந்தால் போதும். பத்து நிமிஷமாக ஒரு மனிதரை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லையே என்று தியாகேசனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

யாருக்கு என்று கேட்டார். பாப்பாவுக்கு என்றார் அந்த மனிதர், மூணு வயசு, வடுவூர். நேற்றிலிருந்து காய்ச்சல். காய்ச்சல் மட்டுந்தானா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் தளர்ந்து, துண்டின் நுனியைக் கையில் சுற்றத் தொடங்கினார். விடிகாலையில் காய்ச்சல் ஏறியபோது குழந்தை கையைக் காலை வெட்டி வெட்டி இழுத்ததாம், கண் மேலே சொருகிவிட்டதாம், ஒரு நிமிஷம் இருக்குமா ரெண்டு நிமிஷம் இருக்குமா தெரியவில்லை, அவருடைய மனைவி தெருவில் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறுபடி வராமல் இருக்க இந்த மாத்திரையை இன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்றாராம். மனைவியும் குழந்தையும் எதிர்ச் சாரியில் பேன்சி கடை வாசலில் நிற்கிறார்கள் என்று கை காட்டினார். தியாகேசன் பார்த்தார். ஒரு பெண், தோளில் ஒரு சிவப்புத் துணி மூட்டை, மூட்டைக்கு வெளியே ஒரு சின்னக் கால். பார்த்துவிட்டுச் சீட்டுக்குத் திரும்பினார். குளோபசாம். முழுசாக அங்கே இருந்தது. சி, எல், ஓ, பி, கம்பு எல்லாம் அதனதன் இடத்தில், வால் என்று அவர் நினைத்தது டாக்டர் கீழே இழுத்துவிடுகிற இசட், நண்டுத் தடம் கடைசி எம். வலிப்புக்கான மாத்திரை. எட்டெழுத்து. பட்டியல் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது, மீசை போட்டோ காலத்து ஆள் உள்ளே எழுந்து உட்கார்ந்த மாதிரி. குளோபசாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பினார், டிராயரை இழுத்தார், அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார், சிரப் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முப்பத்திநாலு வருஷத்துக் கை, அதற்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வைத்த பிறகுதான் பயம் வந்தது. ஆடி மாசமும் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கும் பளிச்சென்று தெரிந்தது, அன்றைக்கும் சந்தேகம் ஒரு துளி இல்லை, சிரித்துப் பேசினார். சந்தேகம் இருக்கும்போது தப்பு வருவதில்லை என்றும், இப்படி நெஞ்சு நிமிர்கிற நேரத்தில்தான் வருகிறது என்றும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த சொல் சரியான சொல்தானா? வலிப்பு என்று காதில் விழுந்ததும் மனசு தனக்குத் தெரிந்த ஒரு வலிப்பு மருந்தை எடுத்துச் சீட்டின்மேல் போர்த்திவிட்டதா? மூன்று வயசு. அந்தச் சின்னக் கால். இந்த முப்பத்திநாலு வருஷத்தில் எந்த டாக்டருக்கும் போன் போட்டு, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதில்லை. அது ஒரு விரதம்போல் ஆகிவிட்டிருந்தது, அதற்காகவே சில டாக்டர்களுக்கு அவர்மேல் பிரியம். போனை எடுத்தார், வைத்தார். பரிமளா பெட்டி பிரிப்பதை நிறுத்திவிட்டாள் என்று சத்தம் நின்றதில் தெரிந்தது. எடுத்தார். நர்ஸ் ஒருத்தி எடுத்து, டாக்டர் பேஷன்ட் பார்க்கிறார் என்றாள், அவசரம் என்றார், யார் என்று கேட்டாள், சொன்னார். தியாகேசன் சாரா என்று அவள் இழுத்த இழுப்பிலேயே பாதி உயிர் போயிற்று. டாக்டர் வந்தார். வடுவூர்க் குழந்தைக்கு எழுதின இரண்டாவது மருந்து என்ன டாக்டர், எனக்குச் சரியாத் தெரியலை என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு, அப்படியொன்றும் பெரிய விஷயமாக இல்லை. டாக்டர் சிரித்தார், உமக்கே தெரியலைன்னா இனிமே நான் டைப் அடிக்கத்தான் வேணும் என்றார், குளோபசாம், அஞ்சு மில்லிகிராம், காலையும் ராத்திரியும் மூணு நாளைக்கு என்றார். நானும் அதான் நினைச்சேன் என்றார் தியாகேசன். நினைச்சீருல்ல, அப்புறம் என்ன என்று வைத்துவிட்டார்.

சரியாகத்தான் படித்திருக்கிறார். ஓர் எழுத்து பிசகவில்லை. இதை மங்கையிடம் சொல்ல வேண்டும், ஸ்கேனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். யாழினியிடம் பட்டியல் விஷயத்தைக்கூட ஒப்புக்கொண்டுவிடலாம், நாளையிலிருந்து பட்டியல் இல்லாமல் விளையாடலாம், தோற்றால் தோற்கட்டும். சொல் எங்கும் போகவில்லை, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, கேட்கிற மாதிரி கேட்டால் வருகிறது. இத்தனை நாள் பயந்து செத்தது எல்லாம் வீண். அந்த வடுவூர்க்காரருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போல் இருந்தது. நெற்றியில் ஈரத்துணி போடச் சொல்லுங்க, சிரப்பை ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் என்று தொடங்கினார். பரிமளா வந்து பக்கத்தில் நின்றாள். பையை எடுத்து ஊதிப் பிரித்தாள். வழக்கம்போல் அட்டையைத் திருப்பினாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற அந்தக் குரலில் பெயரைப் படிக்க ஆரம்பித்தாள். கிளிமி என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

கிளிமிபிரைடு. சர்க்கரை மாத்திரை. ஒருநாளைக்கு நாற்பது தரம் அவர் கை போகிற டிராயர். அதற்கு ஒன்று கீழேதான் குளோபசாம். தியாகேசன் அட்டையைப் பார்த்தார், தான் எடுத்து வைத்தது அதுதான் என்பதை அவரால் மறுக்கவும் முடியவில்லை, எடுத்தது ஞாபகத்திலும் இல்லை. வாயில் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே கை இன்னொன்றை எடுத்திருக்கிறது. அப்படியானால் ஆடியிலும் இதுவேதான். அன்றைக்கும் சரியாகத்தான் படித்திருக்கிறார். இத்தனை நாள் திருடன் வராத வாசலில் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஐந்தெழுத்து, எட்டெழுத்து என்று. சொல்லில் ஒரு குறையும் இல்லை. சொல்லுக்கும் கைக்கும் நடுவில் எங்கேயோ ஏதோ அறுந்துவிட்டது, அங்கே நின்று பார்க்க அவருக்குக் கண் இல்லை. வெறும் வயிற்றில் மூன்று வயசுக் குழந்தை இதை விழுங்கியிருந்தால், சர்க்கரை இறங்கி வெட்டி இழுத்திருக்கும், வலிப்புத்தான் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். பரிமளாவின் உள்ளங்கை அட்டையின் பெயரை மூடியிருந்தது.

"சார், இது எக்ஸ்பயரி கிட்ட வந்துருக்கு. வேற எடுத்துட்டு வரேன்" என்றாள், சாதாரணமாக, அந்த மனிதரும் கேட்கும்படி.

வடுவூர்க்காரர் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவே போவதில்லை, பரிமளா வேறு அட்டையை எடுத்து வந்து பையில் போட்டுவிடுவாள், அவர் தெருவைக் கடந்து போய்விடுவார், தியாகேசன் சார் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுத்தான் கொடுத்தார் என்று ஊரில் போய்ப் பெருமையாகக்கூடச் சொல்வார். பரிமளா நாளைக்கும் படிப்பாள், நாளை மறுநாளும். அவள் ஒருநாள் லீவு போட்டால்? ஒருநாள் கூட்டத்தில் படிக்க மறந்தால்? சும்மா இருந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தச் சும்மா இருத்தல் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பரிமளா உள்ளே போகத் திரும்பினாள். அவர் அவள் கையைத் தடுத்து அட்டையை வாங்கி, அந்த மனிதருக்கு முன்னால் வைத்தார்.

"எக்ஸ்பயரி இல்ல தம்பி. இது சர்க்கரைக்குப் போடுற மாத்திரை. டாக்டர் எழுதுனது வேற, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சிருந்தும் கை இத எடுத்து வச்சிருக்கு. இந்தம்மா பார்க்கலைன்னா பாப்பாவுக்குக் குடுத்திருப்பீங்க."

அந்த மனிதர் அட்டையைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். திட்டவில்லை. கவுண்டரில் வைத்திருந்த கையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டார். அது தியாகேசனுக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் இருந்தது.

"பரிமளா, நீ எடும்மா. இனிமே நீதான் எடுக்கணும். நான் டிராயர்ல கை வைக்க மாட்டேன்."

சரி சார் என்றாள் அவள். அவள் குனிந்து டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டது. தியாகேசன் கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மழைச் சாரல் காலில் அடித்தது. எத்தனையோ வருஷமாகத் தினமும் காலையில் உள்ளே போய் ராத்திரி வெளியே வருகிற கடை, நடுப்பகலில் இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. உள்ளே ரேக்குகள் அவ்வளவு தூரத்தில் இருந்தன. பரிமளா சரியான அட்டையை எடுத்து, திருப்பி, பெயரைப் படித்துக் கொண்டுவரும் வரைக்கும் அவரும் வடுவூர்க்காரருக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தார்.